இணையத் தரநிலைகளை மேற்பார்வையிடும் குழுக்களுக்கு அந்த உரிமை எங்கிருந்து வருகிறது?

பாலக்கோடு இணைப்பகம் எழுதியது:

பாலக்கோட்டிலும் மாரண்டஅள்ளியிலும் வீடுகளுக்கும் கடைகளுக்கும் ஃபைபர் இணைப்பு கொடுத்து வருகிறேன். மாந்தோப்பில் கேமரா வைத்திருப்பவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது, பெங்களூரில் இருக்கும் மகனால் அந்தக் கேமராவை நேராகத் திறந்து பார்க்க முடியவில்லையே, ஏன் என்பதுதான். அவர்களுடைய ரூட்டரைத் திறந்து பார்த்தால் 100.64, 100.70 என்று தொடங்கும் ஒரு முகவரி இருக்கும். அது வெளியுலகத்துக்குத் தெரியும் முகவரி அன்று. மேலிருந்து எங்களுக்கு இணைப்புத் தரும் நிறுவனம் ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்து கொடுக்கிறது என்பதன் அடையாளம் அது. இதுவரை என்னால் விளக்கிச் சொல்ல முடிகிறது.

ஆனால் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் அதற்கு மேலும் கேட்டார். அந்த 100.64 தொகுதியை இந்த வேலைக்கென்று ஒதுக்கியவர் யார்? அவருக்கு அந்த உரிமையைக் கொடுத்தவர் யார்? இதற்கு அரசாணை இல்லை, சட்டம் இல்லை, நாடுகளுக்கு இடையிலான உடன்படிக்கையும் இல்லை. ஆனாலும் உலகம் முழுவதும் உள்ள நிறுவனங்கள் அதற்கு உடன்பட்டு நடக்கின்றன. இதன் அடிப்படை என்னவென்று அறிந்தவர்கள் விரிவாக எழுத வேண்டுகிறேன்.

ஓசூர் ரூட்டர் எழுதியது:

அண்ணா, உங்கள் வாடிக்கையாளர் கேட்ட அந்தத் தொகுதியின் வரலாற்றிலேயே அவருடைய கேள்விக்கான விடையின் பெரும்பகுதி இருக்கிறது.

இணைய முகவரி முறையான ஐ.பி.யின் நான்காம் பதிப்பில் மொத்தம் ஏறத்தாழ 429 கோடி முகவரிகளே உண்டு. உலகப் பொதுக் கையிருப்பு 2011 பிப்ரவரி 3ஆம் நாள் தீர்ந்தது. அதே ஆண்டு ஏப்ரலில் நம் ஆசிய பசிபிக் பகுதிக்கு முகவரிகளைப் பிரித்துத் தரும் பதிவகமான ஏ.பி.நிக் தன் கடைசித் தொகுதிக்கு வந்து, பங்கீட்டு முறைக்கு மாறியது. 2019க்குப் பிறகு புதிதாகச் சேரும் ஒரு நிறுவனத்துக்கு அங்கிருந்து அதிகபட்சம் 512 முகவரிகள்தாம் கிடைக்கும். அதனால்தான் உங்களைப் போன்ற சிறிய இணைப்பாளர்கள் பகிர்வு முறைக்குத் தள்ளப்பட்டார்கள்.

அப்படிப் பகிரும்போது இடையில் பயன்படுத்த ஒரு பொதுத் தொகுதி தேவைப்பட்டது. வட அமெரிக்கப் பதிவகமான ஏ.ஆர்.ஐ.என். அதைத் தானே ஒதுக்கித் தர 2011இல் முன்வந்தது. ஒரு நிறுவனத்துக்கு முகவரி வழங்குவது பதிவகத்தின் வேலைதான். ஆனால் உலகத்தார் அனைவரும் ஒரே விதமாகப் பொருள்கொள்ள வேண்டிய ஒரு சிறப்புத் தொகுதியை வரையறுப்பதும் அதன் வேலைதானா என்ற ஐயம் எழுந்தபோது, அந்தப் பதிவகம் இணையக் கட்டமைப்பு வாரியமான ஐ.ஏ.பி.யிடம் கருத்துக் கேட்டது. அத்தகைய வரையறை தரநிலை சார்ந்தது, ஆகவே தரநிலைகளை உருவாக்கும் பொறியாளர் அமைப்பான ஐ.இ.டி.எஃப். வழியாகவே வர வேண்டும் என்பது வாரியத்தின் நிலைப்பாடு. 2000ஆம் ஆண்டு, இணையப் பெயர்களையும் எண்களையும் ஒருங்கிணைக்கும் ஐகேனுக்கும் ஐ.இ.டி.எஃப்.புக்கும் இடையே ஏற்பட்ட புரிந்துணர்வில், அதாவது ஆர்.எஃப்.சி. என்ற இணைய ஆவண வரிசையில் 2860ஆம் எண்ணில், இந்த எல்லை எழுதப்பட்டுள்ளது. அதன்படி விவாதம் அங்கே நடந்து, 2012 ஏப்ரலில் ஆர்.எஃப்.சி. 6598 வெளிவந்தது. உங்கள் வாடிக்கையாளரின் ரூட்டரில் தெரிவது அந்த ஆவணம் ஒதுக்கிய முகவரிதான்.

இங்கே எவரும் எவருக்கும் ஆணையிடவில்லை என்பதைக் கவனியுங்கள். பதிவகத்தைத் தடுக்கும் சட்ட அதிகாரம் வாரியத்திடம் இல்லை. வேலைகளின் எல்லை எது என்று காரணத்தோடு சொன்னது; பதிவகம் ஏற்றுக்கொண்டது. ஏற்காமல் தனி வழியில் போயிருந்தால், ரூட்டர் தயாரிப்பவர்கள் எந்த ஆவணத்தைப் பின்பற்றுவது என்ற குழப்பம் எழுந்து, அதன் சுமை கடைசியில் இணைப்புத் தருபவர் தலையில்தான் விழுந்திருக்கும்.

தகடூர்ப் பெரியவர் எழுதியது:

நான் தொலைபேசித் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். தம்பி தெளிவாக எழுதியிருக்கிறார். ஆயினும் அவர் சொன்னதில் எனக்குத் தீராத ஒரு குறை உண்டு.

நாங்கள் வேலை செய்த காலத்தில் தரநிலை என்றால் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம்தான். அது 1865இல் தோன்றியது. இந்தியா 1869இலேயே அதில் சேர்ந்தது. அங்கே ஒரு நாட்டுக்கு ஒரு வாக்கு. சிறிய நாடானாலும் பெரிய நாடானாலும் அந்த வாக்கின் மதிப்பு ஒன்றுதான். அதன் தரப்படுத்தல் பேரவை 2024 அக்டோபரில் புதுதில்லியிலேயே கூடியது. வங்கி இணையதளத்தைத் திறக்கும்போது பின்னணியில் சரிபார்க்கப்படும் சான்றிதழின் வடிவமான எக்ஸ். 509 அந்த ஒன்றியம் தந்ததுதான். ஆகவே அரசுகள் கூடிச் செய்யும் தரநிலை பயனற்றது என்று எவரும் சொல்லிவிட முடியாது.

இணையத்தின் நிலை அப்படி இல்லை. அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆய்வுப் பணத்தில் தொடங்கிய ஒன்றுக்கு அந்த ஆய்வாளர்களே மேற்பார்வையாளர்களாக ஆனார்கள். ஐகேன் 1998இல் கலிபோர்னியாவில் நிறுவப்பட்டது. 2016 செப்டம்பர் இறுதி வரை, பெயர்களையும் எண்களையும் ஒருங்கிணைக்கும் ஐயானா பணி அமெரிக்க வணிகத் துறையின் ஒப்பந்தத்தின் கீழ்தான் நடந்தது. இவர்களைத் தேர்ந்தெடுத்தவர் யார்? நம் மக்களுக்கு இவர்கள் எங்கே பதில் சொல்வார்கள்? 2011இல் இந்தியா ஐக்கிய நாடுகள் பொதுச் சபையில், இணையக் கொள்கைக்கென 50 நாடுகளைக் கொண்ட ஒரு குழு வேண்டும் என்று கேட்டது. அந்தக் கோரிக்கையில் நியாயம் இருந்தது என்றே இன்றும் கருதுகிறேன்.

ஓசூர் ரூட்டர் எழுதியது:

ஐயா, "இவர்களைத் தேர்ந்தெடுத்தவர் யார்" என்ற இதே கேள்வியை அவர்கள் தங்களுக்குள்ளேயே எழுப்பிப் பெரும் பூசலில் இறங்கிய ஆண்டு ஒன்று உண்டு. அது 1992. இந்தப் பொருளைப் புரிந்துகொள்ள அந்த ஆண்டைவிடச் சிறந்த இடம் இல்லை என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன்.

கட்டமைப்பு வாரியத்தின் வேர், இணையத்தை வடிவமைத்தவர்களில் ஒருவரான விண்ட் செர்ஃப் 1979இல் அமைத்த ஒரு சிறிய ஆலோசனைக் குழு. பெயரும் அமைப்பும் சில முறை மாறின. 1992இல்கூட அதில் ஓர் இடம் காலியானால், மற்ற உறுப்பினர்களின் இசைவோடு வாரியத் தலைவரே புதியவரை நியமிப்பதுதான் வழக்கம். தரநிலைகளுக்கு இறுதி ஒப்புதல் தரும் உரிமையும் வாரியத்திடமே இருந்தது. நீங்கள் சுட்டிய குறை அன்று முழுமையாகப் பொருந்தும்.

முகவரிகள் தீரப்போகின்றன என்பது அப்போதே தெரிந்துவிட்டது. அந்த ஆண்டு ஜூனில் ஜப்பானின் கோபே நகரில் கூடிய வாரியம், அடுத்த பதிப்பை சி.எல்.என்.பி. என்ற நெறிமுறையின், அதாவது கணினிகள் தகவல் பரிமாறும் விதித்தொகுப்பின், மேல் கட்டுவதென்று முடிவெடுத்தது. அது பன்னாட்டுத் தரநிலை அமைப்பின் வழியாக வந்த நெறிமுறை. தொழில்நுட்ப அளவில் அது தவறான தேர்வா என்பதில் இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் வேலை செய்யும் குழுக்களில் விவாதம் நடந்துகொண்டிருக்கும்போதே மேலே இருந்தவர்கள் முடிவைச் சொல்லிவிட்டார்கள் என்பதுதான் பொறியாளர்களைக் கொதிக்க வைத்தது. அடுத்த மாதம் மாசசூசெட்ஸின் கேம்பிரிட்ஜில் கூடிய கூட்டத்தில் எதிர்ப்பு வெடித்து, வாரியம் பின்வாங்கியது. அந்தக் கூட்டத்தில்தான் கணினி அறிஞர் டேவிட் கிளார்க், மன்னர்களையும் தலைவர்களையும் வாக்கெடுப்பையும் நாங்கள் ஏற்பதில்லை, தோராயமான கருத்தொற்றுமையையும் ஓடுகிற நிரலையும் நம்புகிறோம் என்று பேசினார்.

பேச்சைவிட அதன் பின் நடந்த சீர்திருத்தம்தான் முக்கியமானது. ஸ்டீவ் கிராக்கர் தலைமையிலான குழு ஒன்று ஆராய்ந்து, தரநிலைகளுக்கு ஒப்புதல் தரும் உரிமையை வாரியத்திடமிருந்து எடுத்து, ஒவ்வொரு தொழில்நுட்பத் துறைக்கும் பொறுப்பான துறை இயக்குநர்களைக் கொண்ட ஐ.இ.எஸ்.ஜி. என்ற குழுவிடம் கொடுக்க வழி செய்தது. இரண்டு குழுக்களுக்கும் ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு ஒரு நியமனக் குழுவிடம் போனது. கூட்டங்களில் தொடர்ந்து பங்கேற்றவர்களில் விருப்பம் தெரிவிப்போரிடமிருந்து, வாக்களிக்கும் பத்துப் பேர் குலுக்கல் முறையில் எடுக்கப்படுகிறார்கள். ஒரே நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் இருவருக்கு மேல் இருக்கக் கூடாது. குலுக்கலில் எவரும் கைவைக்காதபடி, பரிசுச்சீட்டு முடிவுகள் போன்ற பொது எண்களை முன்கூட்டியே அறிவித்து, அவற்றிலிருந்து கணக்கிட்டுப் பெயர்களை எடுக்கும் முறை ஆர்.எஃப்.சி. 3797இல் விளக்கப்பட்டுள்ளது. அந்தக் கணக்கை நீங்களும் நானும் வீட்டிலிருந்தே சரிபார்க்கலாம். இன்று வாரியத்தில் 13 பேர். அவர்களில் பன்னிரண்டு பேரை இந்த நியமனக் குழு தேர்ந்தெடுக்கிறது. இரண்டு ஆண்டுப் பதவி. ஆண்டுதோறும் ஏறத்தாழப் பாதி இடங்களுக்குத் தேர்வு நடக்கும். பதின்மூன்றாமவர் ஐ.இ.டி.எஃப். தலைவர்.

ஆகவே வாரியம் இன்று ஆளும் அமைப்பு அன்று. கட்டமைப்பின் நீண்டகாலப் போக்கைக் கவனிப்பது, பிற அமைப்புகளோடு தொடர்பு வைப்பது, மேல்முறையீடுகளைக் கேட்பது ஆகியவைதாம் அதன் வேலை. அந்த அடங்கிய நிலை 1992 பூசலால் வந்தது.

பர்கூர் மாணவன் எழுதியது:

அண்ணா, ஓர் ஐயம். வாக்கெடுப்பே இல்லை என்றால் முடிவை எப்படி அறிவிப்பார்கள்? கூட்டத்தில் வாயைத் திறக்காமல் ஒலி எழுப்புவார்கள் என்று எங்கள் வகுப்பில் சொன்னார்கள். அது உண்மையா?

ஓசூர் ரூட்டர் எழுதியது:

உண்மைதான் தம்பி. தலைவர் ஒரு கேள்வியை முன்வைப்பார். உடன்படுபவர்கள் "ம்ம்" என்று ஒலி எழுப்புவார்கள். அது முடிவு அன்று. அரங்கின் போக்கை அறிவதற்கான தொடக்கம் மட்டுமே. ஆர்.எஃப்.சி. 7282ஐ அவசியம் படியுங்கள். நூறு பேர் எதிர்த்து ஐந்து பேர் ஆதரித்தாலும் தோராயமான கருத்தொற்றுமை இருக்க முடியும் என்று அதில் ஒரு பகுதி உண்டு. தலைகளை எண்ணுவதில்லை. எழுப்பப்பட்ட தொழில்நுட்பத் தடை ஒவ்வொன்றுக்கும் விடை சொல்லப்பட்டதா என்பதே அளவுகோல். ஒரே ஒருவர் சொன்ன தடைக்கு விடை இல்லையென்றால் வேலை நிற்க வேண்டும்.

ஊத்தங்கரை வக்கீல் எழுதியது:

குலுக்கல் பற்றிப் படித்தவுடன் உத்திரமேரூர்க் கல்வெட்டுதான் நினைவுக்கு வந்தது. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட அந்தக் குடவோலை விதிகளில், பெயரைக் குடத்தில் இடுவதற்கு முன்பே தகுதிகள் வகுக்கப்பட்டிருந்தன. முந்தைய ஆண்டுகளில் வாரியத்தில் இருந்தவருக்கு இடமில்லை. கணக்குக் காட்டாதவருக்கும் அவருடைய உறவினருக்கும் இடமில்லை. தகுதியை முதலில் வரையறுத்துவிட்டு, அதன் பிறகு சீட்டை நம்புவது என்ற முறை இரண்டிலும் ஒன்றே. ஆனால் குடவோலையில் சீட்டு விழுந்தவரே வாரிய உறுப்பினர். இங்கே சீட்டு விழுந்தவர்கள் தேர்வாளர்கள் மட்டுமே. அவர்கள் ஆராய்ந்து, பிறரைப் பதவிக்கு நியமிக்கிறார்கள். ஆள்பிடிப்பவர்களால் யாரை வளைப்பது என்று முன்கூட்டியே கணிக்க முடியாது என்பது இந்த இரண்டடுக்கின் பயன்.

பெரியவர் கேட்ட "எங்கே பதில் சொல்வார்கள்" என்ற கேள்விக்கு வருகிறேன். ஒரு முடிவால் பாதிக்கப்பட்டதாகக் கருதும் எவரும் முதலில் பணிக்குழுத் தலைவரிடமும், பிறகு துறை இயக்குநரிடமும், பிறகு ஐ.இ.எஸ்.ஜி.யிடமும், அதன்பின் கட்டமைப்பு வாரியத்திடமும் முறையிடலாம். நடைமுறை விதிகளே நியாயமாக இல்லை என்பது முறையீடானால், ஐ.இ.டி.எஃப்.புக்குத் துணை நிற்கும் இணையச் சங்கத்தின் அறங்காவலர்கள் வரை போகலாம். 1996இல் வெளிவந்த ஆர்.எஃப்.சி. 2026 இந்தப் படிகளைச் சொல்கிறது. முறையிடுபவர் எந்த நாட்டினர், எந்த நிறுவனத்தவர் என்ற கேள்வி எழுவதில்லை. முத்திரைத்தாள் இல்லை, வக்காலத்து இல்லை, கட்டணம் இல்லை. மின்னஞ்சலில் எழுதிய முறையீட்டுக்குப் பொதுவெளியில் விடை வரும். நாள்தோறும் நீதிமன்றத்தில் நிற்பவன் என்ற முறையில் சொல்கிறேன், ஓர் எளிய மனிதரால் இவ்வளவு நேராக அணுகக்கூடிய மேல்முறையீட்டு அமைப்புகள் குறைவு.

அதே நேரத்தில் ஒன்றை மறைக்கக் கூடாது. இந்த உரிமைகள் அனைத்தும் பங்கேற்பவருக்கே பயன்படுகின்றன. பங்கேற்காதவருக்கு இந்த அமைப்பில் பிரதிநிதி என்று எவரும் இல்லை.

தகடூர்ப் பெரியவர் எழுதியது:

வக்கீல் கடைசியாகச் சொன்ன இரண்டு வாக்கியங்கள்தாம் என் வாதமே. அங்கே எல்லோரும் தனிமனிதராக வருகிறார்கள், நிறுவனத்தின் சார்பில் வருவதில்லை என்பது விதி. ஆனால் விமானச் சீட்டையும் விடுதிச் செலவையும் கொடுப்பது யார்? பெரிய மென்பொருள் நிறுவனங்களும் கருவி செய்யும் நிறுவனங்களும்தாம். ஆண்டுக்கு மூன்று முறை வெவ்வேறு கண்டங்களில் கூடுகிறார்கள். விசா வேண்டும், விடுப்பு வேண்டும், தடையின்றி ஆங்கிலம் பேச வேண்டும். தொலைவிலிருந்து பங்கேற்கலாம், கட்டண விலக்கும் உண்டு என்று சொல்வார்கள். ஆனால் முடிவுகளுக்கான மனஒப்புதல் கூட்டத்துக்கு வெளியே, உணவு மேசையில் உருவாகிறது என்பது எந்த அலுவலகத்தில் வேலை செய்தவருக்கும் தெரியும்.

அரசுகளின் வாக்கெடுப்பில் குறைகள் இருக்கலாம். ஆயினும் அஞ்செட்டி மலைக்கிராமத்தில் கைப்பேசிக்குச் சிக்னல் கிடைக்காதவருக்கும் அங்கே ஒரு நாற்காலி இருக்கிறது. அவருக்காக அமர்ந்திருப்பவர் சரியாகப் பேசுகிறாரா என்று அவர் தேர்தலில் கேட்கலாம்.

பென்னாகரத்துப் பெண் எழுதியது:

இந்த விவாதத்தை நான் வேறொரு பக்கத்திலிருந்து பார்க்கிறேன். கடைகளுக்கும் மகளிர் குழுக்களுக்கும் இணையதளம் செய்து தருவது என் தொழில். சிறுதானியமும் நெல்லிக்காய்ப் பண்டங்களும் விற்கும் குழு ஒன்று, .இந்தியா என்று முடியும் தமிழ் டொமைன் பெயரில் "ஔவை" என்ற சொல் வர வேண்டும் என்று கேட்டது. அதியமான் ஆண்ட மண்ணில் அந்தப் பெயரை விரும்புவது இயல்புதான். பெயர் பதிந்து, தளமும் திறந்தாயிற்று. பிறகு அச்சகத்திலிருந்து வந்த துண்டறிக்கையின் கோப்பைத் திறந்து, அதிலிருந்த முகவரியை நகலெடுத்து ஒட்டிப் பார்த்தேன். தளம் திறக்கவில்லை. கண்ணுக்கு எந்த வேறுபாடும் தெரியவில்லை. எழுத்து எழுத்தாக அழித்துப் பார்த்தபோதுதான் புரிந்தது: நான் பதிந்தது "ஔ" என்ற ஒற்றை எழுத்து, அவர்கள் தட்டியது "ஒ" என்ற எழுத்தும் "ள" என்ற எழுத்தும். திரையில் இரண்டும் ஒன்று போலவே நிற்கின்றன. கணினிக்கு அவை இரண்டு வேறு பெயர்கள்.

இதில் என்னை வருத்துவது தளம் திறக்காதது அன்று. அந்த இன்னொரு வடிவத்தை வேறு எவராவது பதிந்து, அதே போன்ற ஒரு பக்கத்தைக் காட்டிப் பணம் வாங்கினால், எங்கள் குழுவின் வாடிக்கையாளர் எதை வைத்துக் கண்டுபிடிப்பார்? உலகம் முழுவதும் இருந்து கூடும் அந்தப் பொறியாளர்களின் மேசையில் நம் ஔகாரத்துக்கு இடம் உண்டா என்று அறிய விரும்புகிறேன்.

ஓசூர் ரூட்டர் எழுதியது:

அக்கா, உண்டு. ஆனால் விடை ஒரே மேசையில் இல்லை. மூன்று அடுக்குகளில் பிரிந்து கிடக்கிறது.

முதல் அடுக்கு நெறிமுறை. ஆங்கிலம் அல்லாத டொமைன் பெயர்களுக்கான இன்றைய விதிகளை ஐ.இ.டி.எஃப். 2010இல் வெளியிட்டது. எந்த எழுத்து பெயரில் வரலாம், எது வரக் கூடாது என்பதை அவை எழுத்துகளுக்குக் கணினி எண் வகுக்கும் யூனிகோடு தரநிலை தரும் பண்புகளை வைத்து முடிவு செய்கின்றன. ஔ, ஒ, ள மூன்றும் தமிழ் எழுத்துகளே என்பதால் மூன்றுக்கும் அனுமதி உண்டு. ஒரே எழுத்தின் வெவ்வேறு வடிவங்களை ஒன்றாக்கும் யூனிகோடு இயல்பாக்கம் இதைச் சரிசெய்யாதா என்று கேட்கலாம். ஒகரத்தோடு, ஔகாரத்துக்கென்றே தனியாக உள்ள நீட்டல் குறியைச் சேர்த்தால் அது ஔ ஆக மாற்றப்படும். ளகரத்தைச் சேர்த்தால் மாற்றப்படாது, ஏனெனில் ள தனக்கென ஒலி உடைய மெய்யான ஓர் எழுத்து. நெறிமுறையிலேயே அதைத் தடை செய்தால் "ஒளி" என்ற சொல்லையும் எவரும் பதிய முடியாமல் போகும்.

இரண்டாவது அடுக்கில்தான் கட்டமைப்பு வாரியம் வருகிறது. 2006இல் ஆர்.எஃப்.சி. 4690 வழியாகப் பழைய விதிகளின் குறைகளைத் தொகுத்துச் சொன்னதும், 2013 ஏப்ரலில் ஆர்.எஃப்.சி. 6912 வழியாகப் பொதுப் பெயர்வெளிகளை நடத்துவோர் எழுத்துகளைத் தேர்ந்தெடுக்கும்போது கடைப்பிடிக்க வேண்டிய நெறிகளை வகுத்ததும் அந்த வாரியம்தான். ஐயம் இருந்தால் சேர்க்காதே என்பது அதன் சாரம். பலரும் பகிரும் பெயர்வெளி எவ்வளவு மேலே இருக்கிறதோ அவ்வளவு எச்சரிக்கை வேண்டும் என்றும், எழுதுபவரும் படிப்பவரும் எதிர்பாராத வியப்பு நேரக் கூடாது என்றும் அது வலியுறுத்துகிறது. 2015இல் அரபு எழுத்து ஒன்று இதே போன்ற சிக்கலைக் கிளப்பியபோதும், யூனிகோடு 7ஆம் பதிப்பைப் பற்றி வாரியம் வெளிப்படையாக அறிக்கை விட்டது. உங்கள் ஔவையும் அந்த அரபு எழுத்தும் ஒரே வகைச் சிக்கலில்தான் நிற்கின்றன.

மூன்றாவது அடுக்கு, அந்த நெறிகளைச் செயலாக்குவோர். பெயர்வெளியின் உச்சிக்கு, .இந்தியா, .இலங்கை, .சிங்கப்பூர் ஆகியவை நிற்கும் இடத்துக்கு, ஐகேன் ஒவ்வோர் எழுத்துமுறைக்கும் விதிகள் வகுக்கச் செய்தது. தமிழுக்கான விதிகளை நியோ-பிராமி என்ற குழு, பிற இந்திய எழுத்துகளோடு சேர்த்து வகுத்தது. அதில் இந்த எழுத்துகளை எழுதிப் படிப்பவர்களே அமர்ந்தார்கள். ஓசூரில் ஒரே தெருவில் தெலுங்குப் பலகையும் கன்னடப் பலகையும் பார்க்கிறோம் அல்லவா? அந்த இரண்டு எழுத்துமுறைகளுக்கும் இடையே ஒன்று போலத் தோன்றுபவற்றையும் அந்தக் குழு ஆராய்ந்தது. ஆனால் அந்த விதிகள் உச்சிக்கு மட்டும்தான் கட்டாயம். .இந்தியாவுக்குக் கீழே பதியும் பெயர்களுக்கு விதி வகுப்பது அந்தப் பதிவகத்தின் பொறுப்பு. ஆகவே நீங்கள் முதலில் எழுத வேண்டிய இடம் அதுதான். உங்கள் கடிதத்தில் ஆர்.எஃப்.சி. 6912ஐக் குறிப்பிட்டால், வெறும் வருத்தமாக இல்லாமல் உலகம் ஏற்ற நெறியின் அடிப்படையில் கேட்பதாக இருக்கும்.

பாலக்கோடு இணைப்பகம் எழுதியது:

இவ்வளவு விளக்கத்துக்கும் நன்றி. இணைப்புத் தருபவன் என்ற முறையில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. முகவரிப் பகிர்வைச் சுற்றிச் செல்லும் குறுக்குவழிகள் தற்காலிகமாகவே இருக்க வேண்டும், அவற்றைக் கைவிடும் திட்டமும் கூடவே இருக்க வேண்டும் என்று இதே வாரியம் 2002 நவம்பரில், ஆர்.எஃப்.சி. 3424இல் எழுதியிருப்பதைப் படித்தேன். குறுக்குவழிகள் இன்று நிலைத்துவிட்டன. ஐ.பி. ஆறாம் பதிப்பின் முதல் ஆவணம் 1995இல் வந்தது. முழுத் தரநிலை என்ற தகுதியை அது பெற்றது 2017இல். வெறும் அறிவுரைக்கு மேல் அவர்களால் எதுவும் செய்ய முடியாதா? கட்டாயப்படுத்தியிருந்தால் எங்கள் பகுதிக்கு இந்தச் சிரமமே வந்திருக்காது.

ஊத்தங்கரை வக்கீல் எழுதியது:

கட்டாயப்படுத்தும் அதிகாரம் இருந்தால் அது நீங்கள் விரும்பும் செயலுக்கு மட்டும் பயன்படும் என்று எப்படி உறுதி சொல்வது? ஒரு பழைய நிகழ்வைச் சொல்கிறேன். நெறிமுறைகளிலேயே ஒட்டுக்கேட்கும் வசதியைச் சேர்க்க வேண்டுமா என்ற கேள்வி எழுந்தபோது, அத்தகைய தேவைகளைத் தாங்கள் கருத்தில் கொள்ளப்போவதில்லை என்று ஐ.இ.டி.எஃப். 2000ஆம் ஆண்டில் ஆர்.எஃப்.சி. 2804 வழியாகத் தெளிவாகச் சொன்னது. அமெரிக்க உளவு அமைப்பின் பரவலான கண்காணிப்பு 2013இல் வெளிவந்த பிறகு, அத்தகைய கண்காணிப்பு இணையத்தின் மீதான தாக்குதலே, அதைத் தணிக்கும் விதத்தில் நெறிமுறைகளை வடிவமைக்க வேண்டும் என்று 2014 மே மாதம் ஆர்.எஃப்.சி. 7258 அறிவித்தது. அமெரிக்கப் பணத்தில் பிறந்த அமைப்பு என்று பெரியவர் சொன்னார். அதே அமைப்பு அமெரிக்க அரசின் செயலையே தாக்குதல் என்ற வகையில் வைத்தது. அரசுகளின் வாக்கால் இயங்கும் ஓர் அமைப்பிலிருந்து அப்படி ஓர் ஆவணம் வந்திருக்கும் என்று நான் நம்பவில்லை.

இன்னொன்று, 2020 ஆகஸ்டில் கட்டமைப்பு வாரியம் வெளியிட்ட ஆர்.எஃப்.சி. 8890. பயனருக்கும் பிறருக்கும் நலன்கள் மோதும்போது, இறுதிப் பயனரின் பக்கமே நிற்க வேண்டும் என்று அது சொல்கிறது. இணைப்புத் தருபவரும், கருவி செய்பவரும், அரசும் அதன்படி பின்னால்தான் வருகிறார்கள். நீதிமன்றத்தில் செல்லும் சட்டம் அன்று அது. ஆனால் நாளை ஒரு பணிக்குழுவில் எவரும் அதைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்து நிற்கலாம்.

தகடூர்ப் பெரியவர் எழுதியது:

ஒட்டுக்கேட்பு பற்றிய செய்தி எனக்கு மதிப்பைத் தருகிறது. அதை மறுக்கவில்லை. 2012 டிசம்பரில் துபாயில் தொலைத்தொடர்பு ஒழுங்குவிதிகளைத் திருத்தியபோது 89 நாடுகள் கையெழுத்திட்டன. இந்தியா அன்று கையெழுத்திடவில்லை. 2015இல் நம் அரசே பல தரப்பினர் பங்கேற்கும் முறையை ஆதரிப்பதாக அறிவித்தது. ஆகவே காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்பது எனக்குத் தெரியும். என் கேள்வி அப்போதும் நிற்கிறது: பயனரின் பக்கம் நிற்போம் என்று எழுதுபவர்கள், அந்தப் பயனர் யார் என்பதை எங்கிருந்து அறிகிறார்கள்? ஔகாரத்தைத் தட்டும் பெண் அந்த அறையில் இல்லாதபோது, அவருக்கு நேரும் இடர் அவர்களுக்கு எப்படித் தெரியும்? நியோ-பிராமிக் குழுவில் நம்மவர்கள் அமர்ந்ததால்தான் அங்கே விதி சரியாக அமைந்தது. அமராத இடங்களில் என்ன நடக்கிறது என்பதைத் தம்பிகள் பார்க்க வேண்டும். பர்கூரிலும் தருமபுரியிலும் கணினி படிக்கும் பிள்ளைகளுக்கு இந்த ஆவணங்களை ஒரு பாடமாகவேனும் வைக்க வேண்டும் என்று கல்லூரிகளை நாம் கேட்கலாம்.

பர்கூர் மாணவன் எழுதியது:

ஐயா, ஆர்.எஃப்.சி. 7282ஐயும் 6912ஐயும் படித்து முடித்தேன். இரண்டும் நீளம் குறைவு. ஆங்கிலமும் கடினமாக இல்லை. 6912ஐத் தமிழில் சுருக்கி எழுதி இங்கே பதிகிறேன். பிழை இருந்தால் அண்ணன் திருத்த வேண்டும்.

பென்னாகரத்துப் பெண் எழுதியது:

தம்பியின் சுருக்கத்துக்குக் காத்திருக்கிறேன். பதிவகத்துக்கு அனுப்பக் கடிதம் எழுதத் தொடங்கிவிட்டேன். ஔவை மட்டும் போதாது என்று தோன்றியதால், உயிர்மெய்யிலும் இதே சிக்கல் வரும் சொற்களைச் சேர்த்து வருகிறேன்: கௌரி, மௌனம், பௌர்ணமி, சௌந்தரம். ஸ்ரீ என்பதைச் சகரத்தின் இரு வேறு கிரந்த எழுத்துகளில் எதைக் கொண்டு தொடங்கினாலும் ஒரே தோற்றம் கிடைக்கிறது, அதையும் சேர்த்திருக்கிறேன். ஓர் ஐயம் மட்டும் உள்ளது. ஏற்கெனவே ஒருவர் ஒரு வடிவத்திலும் மற்றொருவர் மற்ற வடிவத்திலும் நேர்மையாகப் பதிந்திருந்தால், புதிய விதி வரும்போது எவருடைய பெயர் பறிபோகும்?

ஓசூர் ரூட்டர் எழுதியது:

பறிக்க வேண்டியதில்லை, அக்கா. இத்தகைய விதிகளில் வழக்கமாக, ஒரு வடிவம் பதியப்பட்டவுடன் அதன் மாற்று வடிவங்கள் பிறருக்குத் தரப்படாமல் தடுக்கப்படும், அல்லது அதே உரிமையாளருக்கு மட்டும் ஒதுக்கப்படும். ஏற்கெனவே இருவரிடம் இருப்பவற்றை அப்படியே விட்டுவிட்டு, இனிமேல் வருவனவற்றுக்கு மட்டும் விதியைப் பொருத்தலாம். கடிதத்தில் இந்த வழியை நீங்களே முன்மொழிந்துவிடுங்கள். படிப்பவர்க்கு மறுக்கக் காரணம் குறையும். அரூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் இருப்பவர்கள் உங்கள் ஊர்க் கடைப்பலகைகளில் இது போன்ற பெயர்களைக் கண்டால் இங்கே எழுதுங்கள். பட்டியலில் சேர்த்துவிடலாம்.